தானே தவறி விழுந்ததாகச் சொன்னதைத் திருத்தித் தரக் கோரி

அனுப்புநர்:
மனு எழுதுபவர்,
நகல் எடுக்கும் கடையை ஒட்டிய மடக்கு மேசை,
தங்கள் அலுவலக வெளிவாசல்.

பெறுநர்:
உயர் அதிகாரி அவர்கள்,
பொதுமக்கள் குறைதீர்ப்புப் பிரிவு,
முதல் மாடி.

பொருள்: கார் மோதி என் வலது கை முறிந்ததை மருத்துவமனைப் பதிவேட்டில் சாலை விபத்து எனத் திருத்தி, அறுவைச் சிகிச்சைக்கு வழிசெய்ய வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் கொடுத்து, திரும்பி வந்த மனுக்கள் இரண்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

பத்தொன்பது ஆண்டுகளாகத் தங்கள் வாசலில் உட்கார்ந்து பிறருக்கு மனு எழுதி வருகிறேன். தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பாதியாவது என் கையெழுத்தில் இருக்கும். இது மட்டும் அப்படி இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுகிறார். வரி கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. சென்ற மாதம் 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, எதிர்க்கடையில் வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தேன். பின்னோக்கி வந்த ஒரு சாம்பல் நிறக் கார் என்னை இடித்துத் தள்ளியது. ஊன்றிய வலது கை மணிக்கட்டில் முறிந்தது. உடைந்த பின்விளக்கின் சில்லு அதே இடத்தில் ஆழமாக வெட்டிவிட்டது.

2. என் மேசைக்கு மேலே, ‘விபத்தா? முதலில் இதைச் செய்யுங்கள்’ என்று என் கைப்பட எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. வண்டி எண்ணைக் குறியுங்கள், படம் எடுங்கள், பார்த்தவர் முகவரியை வாங்குங்கள், அன்றைக்கே புகார் கொடுங்கள், மருத்துவமனையில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என ஐந்து வரிகள். எத்தனையோ பேருக்கு அதைப் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்தத் தாளுக்குப் பத்தடி தூரத்தில் விழுந்து கிடந்த நான் அதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. நகல் கடைக்காரர் ஓடி வந்து, “அண்ணே, நம்பரை எழுதிக்கவா?” என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டியது நான்தான்.

3. காரணம், காரை ஓட்டி வந்தவர். என் வயதுதான் இருக்கும். என்னைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். “சார், முதலாளி வண்டி. வேலைக்குச் சேந்து எட்டு நாள்தான் ஆகுது. கேஸானா அவ்வளவுதான் சார். ஆஸ்பத்திரியில நான் கூடவே இருக்கேன்” என்றார். இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்தே என் பிழைப்பு நடக்கிறது. மனம் இளகிவிட்டது.

4. மருத்துவமனையில் இருந்த காவலர், “எப்படி ஆச்சு?” என்று கேட்டார். படியில் வழுக்கியது என்று சொல்லியிருந்தால் போதும். நானோ தொழில் புத்தியில், “கையிலிருந்த கண்ணாடிப் பாட்டிலோடு, என் சொந்தக் கவனக்குறைவால் படியில் நானே தவறி விழுந்தேன். இதில் எவர் மீதும் எனக்குச் சந்தேகமோ புகாரோ இல்லை. பின்னாளில் மாற்றிச் சொல்லவும் மாட்டேன்” என்று ஒரு சொல் பிசகாமல் சொல்லி எழுதவைத்தேன். அந்த வரிகள் இல்லாவிட்டால் வாக்குமூலம் முழுமையாகாது என்பது என் பழக்கம். இடது கையால் கையெழுத்தையும் கிறுக்கினேன். ஓட்டுநர் என்னைக் கும்பிட்டுவிட்டு, தண்ணீர் வாங்கி வருவதாகப் போனார். இன்னும் வரவில்லை.

5. எலும்பு கூடிவிட்டது. ஆனால் மணிக்கட்டில் நரம்பு அறுந்திருப்பது பிறகுதான் தெரிந்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் பேனாவைப் பிடிக்க மறுக்கின்றன. ஆறு வாரத்துக்குள் நரம்பை இணைத்தால் கை திரும்பலாம், தாண்டினால் உறுதி சொல்வதற்கில்லை என்கிறார் மருத்துவர். சாலை விபத்து என்று பதிவானவர்களுக்கு விபத்துப் பிரிவில் உடனே நாள் கொடுக்கிறார்கள். தானே விழுந்தவர்களுக்கு நான்கு மாதக் காத்திருப்பு.

6. பதிவைத் திருத்தக் காவல் நிலையக் கடிதம் வேண்டும் என்கிறது மருத்துவமனை. மருத்துவமனை திருத்தினால்தான் கடிதம் தர முடியும் என்கிறது காவல் நிலையம். நகல் கடைக்காரர் இரண்டு முறை சாட்சிக்கு வந்து பெஞ்சில் காத்திருந்துவிட்டுத் திரும்பினார். “இவ்வளவு தெளிவா நீங்களே சொல்லியிருக்கீங்களே, இதுல நாங்க எங்க கை வைக்கிறது?” என்று கேட்டார் காவல் நிலைய எழுத்தர். என் எழுத்தை இதுவரை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. முதல் மனு அதனால் திரும்பியது. இரண்டாவது மனு, அதிலுள்ள இடது கைக் கையெழுத்து வாக்குமூலத்தில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்று திரும்பியது. ஐயா, என் இடது கை ஒருமுறை போட்டதை மறுமுறை போடுவதில்லை.

7. அந்த ஓட்டுநரைத் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்த வரியை எழுத என் மனைவி மறுத்து, பேனாவை மூடி வைத்துவிட்டார். “ஊருக்கெல்லாம் நியாயம் எழுதுறீங்க, உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?” என்கிறார். சற்றுக் கெஞ்சிய பிறகுதான் எழுதினார்.

8. மனு கொடுத்த முப்பது நாளில் பதில் கிடைக்கும் என்று தங்கள் வாசலில் பலகை இருக்கிறது. எனக்கு ஏழு நாள்தான் இருக்கிறது. வரும் செவ்வாயோடு ஆறு வாரம் முடிகிறது. இந்த நிலையில் யாரிடம் போக வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். எனக்கென்று வந்தபோது ஒன்றும் புரியவில்லை. பயமாக இருக்கிறது ஐயா. நான் சொன்னது பொய். அந்தப் பொய்க்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், ஆனால் கையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வரி மட்டும் மருத்துவமனைக்கு எழுதி அனுப்புங்கள். தாங்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் மேசை தெரியும். அங்கேயேதான் இருப்பேன்.

இடம்: தங்கள் அலுவலக வெளிவாசல்
நாள்: 16ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

மனுதாரரின் இடது பெருவிரல் ரேகை

மேற்கண்டதை என் கணவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். சரி என்றார். ரேகை மாறாது என்பதால், அவர் விரலைப் பிடித்து மையில் அழுத்தி நான்தான் வைத்தேன். ரேகைக்குக் கீழே ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்று குறிப்பது வழக்கம், குறித்துவிடு என்கிறார். அதை நான் எழுத மாட்டேன்.

எழுதியவர்,
மனுதாரரின் மனைவி