அப்பாவுக்கு எந்த ஆம்ப்?

ஷூலன்பர்க், டெக்சஸ்
செவ்வாய்க்கிழமை காலை

என் செல்ல லெஸ்லிக்கு,

அம்மா எழுதுகிறேன். அலாஸ்காவின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. இங்கே நான் சுகம், அப்பா சுகம், கோழிகள் சுகம், மழை இல்லாததால் தக்காளிச் செடிகள் மட்டும் தலை தொங்கிக் கிடக்கின்றன. வீட்டில் போய்ச் சேர்ந்தது அப்பாவின் கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பழைய வால்வு ஆம்ப் ஒன்றுதான், அது உனக்கே தெரியும். அன்றைக்குப் போனில் நீ, "இருக்கறதுலயே ஒசந்ததா அப்பாவுக்கு வாங்கிக் குடும்மா, பணத்தப் பத்தி வாயே தொறக்காத, நான் அனுப்பறேன்" என்றாய். உன் மனசு எனக்குத் தெரியாதா கண்ணு. ஆனால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் என்னத்தைச் சொல்ல. இப்போது எட்வின் பெரியப்பா வீட்டுக்கு வைக்கோல் கட்டு ஏற்றப் போயிருக்கிறார், மத்தியானம் வரை வரமாட்டார், அதனால் நடந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

அந்த ஆம்ப் எப்படிப் போனது என்று கேட்டால் வயசாகிவிட்டது என்று உன்னிடம் சொல்லியிருப்பார். வயசும் இல்லை, மண்ணும் இல்லை. ஸ்பீக்கரின் ஓரம் கிழிந்திருக்கிறது என்று அதைக் கழற்றி, பசை தடவி, சமையலறை மேசையில் காய வைத்திருந்தார். அது காய்கிற வரை சும்மா இருக்க வேண்டியதுதானே, இருக்க முடியவில்லை. வால்வு எல்லாம் எரிகிறதா பார்க்கலாம் என்று ஸ்பீக்கர் இல்லாத வெறும் பெட்டியை ஆன் பண்ணியிருக்கிறார். அதோடு விட்டாரா, கிட்டாரையும் சொருகி வாசித்து, சத்தம் வரவில்லையே என்று குமிழைத் திருகித் திருகி ஏற்றியிருக்கிறார்! நான் அடுப்பில் நூடுல்ஸ் சூப்தான் தீய்கிறது என்று ஓடி வந்து பார்த்தால் ஆம்பிலிருந்து புகை. ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் பண்ணினால் உள்ளே வெந்துவிடும் என்று இந்த வட்டாரத்துக் கிட்டார்காரர்கள் அத்தனை பேருக்கும் பாடம் நடத்தியவர் உன் அப்பா. ரிப்பேர்காரர் திறந்து மோந்து பார்த்து, டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது, அந்தக் காலத்துப் பெட்டிக்கு இந்தக் காலத்தில் உதிரி கிடைக்காது என்று மூடிக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும்போது அப்பா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார், வண்டியை நான்தான் ஓட்டினேன்.

பெரியப்பா நடத்துகிற பேண்ட் வாத்தியக் குழுவில் அப்பா இடத்துக்கு ஹாலட்ஸ்வில்லிலிருந்து ஒரு ஆள் வந்தார். வால்வு கிடையாது ஒன்றும் கிடையாது, காலால் மிதித்தால் எந்த ஆம்ப் மாதிரி வேண்டுமோ அந்த மாதிரி சத்தம் போடுகிற சின்னப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். நீங்களும் அதையே வாங்கலாமே என்று நான் சொன்னதுதான் தாமதம், "பசிக்குதுன்னா சாப்பாட்டோட ஃபோட்டோவக் குடுப்பியா நீ?" என்று அப்பா என் மேல் பாய்ந்தார். பெரியப்பாவும் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் எங்கள் வாசலில் நின்றே சொல்லிவிட்டார், "மில்டன், சர்ச் திருவிழாவுக்குள்ள நீ ஒரு வழி பண்ணு. அந்த ஆள் நேரத்துக்கு வர்றான், ஒழுங்கா வாசிக்கறான், எத்தன நாளைக்கு அவன மாத்து ஆளாவே வச்சிருக்கறது? தம்பின்னு உனக்கு மட்டும் நாற்காலி போட்டு வச்சா மத்தவங்க என்னைக் காறித் துப்புவாங்க."  அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதுகூட அப்பாவுக்குத் தெரியவில்லை.

இப்போது நான் எழுதப்போவதை நீ அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது. ஆம்ப் இல்லாத அந்த வாரங்களில் எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர் நடன ஹாலுக்கு அவரும் வெறுங்கையோடு வந்தார், பீர் கவுண்டர் பக்கம் தொலைந்துபோனவர் மாதிரி நின்றார், நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆட வைத்தேன். உனக்கே தெரியும், ஊரெல்லாம் புருஷனோடு ஆடும்போது என் புருஷன் மேடையில் அவர்களுக்கு வாசித்துக்கொண்டிருப்பார், நான் என் அண்ணனோடு, அதுதான் உன் ரேமண்ட் மாமாவோடு, சுற்றிச் சுற்றி வருவேன். கல்யாணத்தன்று ஆடியதோடு சரி. அப்பாவுக்கு ஆடவே வராது லெஸ்லி. வால்ட்ஸுக்கு வாய்விட்டு எண்ணுகிறார், எண்ணிக்கொண்டே என் காலை மிதிக்கிறார், மிதித்துவிட்டு என்னைப் பார்த்து முறைக்கிறார். எனக்கு அப்படி ஒரு சிரிப்பு. அவர் சவரம் பண்ணிப் பூசிக்கொண்டு வரும் வாசனை என் பக்கத்திலேயே ஒரு மத்தியானம் முழுக்க இருந்தது. இப்படியே கொஞ்ச நாள் ஓடட்டுமே என்று ஆசைப்பட்டேன், அதை மறைப்பானேன்.

ஆனால் வீட்டுக்குள் இரண்டு ஆம்ப் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒன்று விக்டோரியாவில் கடையில் வாங்கியது, எங்கோ வெளிநாட்டுத் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்தது, விலை மலிவு, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்றார்கள். இன்னொன்று ஆஸ்டினில் ஒருவர் ஒவ்வொரு கம்பியையும் தன் கையாலேயே பற்றவைத்துச் செய்வது. அதன் விலையைக் கேட்டபோது எனக்கு ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது, அதைத்தான் நீ வாங்கித் தருகிறேன் என்றாய். அந்த மனிதர் தானே காரில் கொண்டுவந்து வைத்து, ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு, நான் சுட்ட கசகசா கொலாச்சி ரொட்டியை ரசித்துத் தின்றுவிட்டுப் போனார். நல்ல மனிதர். வீட்டு ஹாலில் அப்பா அந்தக் கைவேலை ஆம்பில் வாசித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே மயிர் கூச்செறிந்தது. வெண்ணெய் உருகுகிற மாதிரி ஒரு கனிவு, அடியில் கனமாக ஒரு முழக்கம், ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. உடனே மலிவு ஆம்பில் வாசித்தார், மெலிசாக, கொஞ்சம் கீச்சென்று இருந்தது. "கேட்டியா? அது பாட்டு. இது தகர டப்பா" என்று சொல்லி அதை மூலையில் தள்ளிவிட்டார். ஊர் முழுக்க ஆஸ்டின் பெட்டியைப் பற்றிப் பீற்றிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டார். பெரியப்பாதான் கேட்டுவிட்டு, "வீட்ல ஒத்தையா வாசிச்சா எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் இருக்கும். என் அக்கார்டியனுக்கு நடுவுல வாசிச்சுக் காட்டு, ரெண்டையும் தூக்கிட்டு வா" என்றார்.

வியாழக்கிழமை ஒத்திகைக்கு இரண்டையும் ஹாலுக்கு எடுத்துக்கொண்டு போனோம். இந்த விஷயத்தில் அப்பா யார் காதையும் நம்பமாட்டார், என் காதைத் தவிர. ஹாலின் நாலு மூலையையும் சுற்றி வருகிறவள் நான்தானே, ஆட்டம் முடிந்ததும் பின்னால் சத்தம் எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்பது அவருடைய வழக்கம். எது எது என்று எனக்குத் தெரியக் கூடாது என்று இரண்டின் மேலும் என் மேசை விரிப்பைப் போர்த்தி வைத்தார். நானும் ரேமண்ட் மாமாவும் காலி ஹாலில் ஆடினோம். முதல் ஆம்ப், மேடைக்கு முன்னால் அற்புதமாக இருந்தது. பாதி தூரம் போவதற்குள் தேய்ந்துவிட்டது. அதன் அடி முழக்கம் எல்லாம் பாஸ் கிட்டாரோடும் பெரிய பித்தளைக் குழலோடும் கலந்து கரைந்துபோக, மிச்சத்தை அக்கார்டியன் விழுங்கிவிட்டது. பீர் கவுண்டருக்கு முன்னால் ஒரு தடித்த தூண் இருக்கிறதே, அந்தத் தூணுக்குப் பின்னால் போனதும் அப்பாவின் கிட்டார் சுத்தமாக இல்லை. ஒருத்தர் மட்டும் விடுமுறை எடுத்துக்கொண்ட பேண்ட் மாதிரி இருந்தது. இரண்டாவது ஆம்ப் காதுக்கு அத்தனை இதம் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டு நேராக வந்தது. தூணுக்குப் பின்னால் போனபோது, துள்ளித் துள்ளி ஏறுகிற நாலைந்து சுரம், என் காதோரமாக வாசித்த மாதிரி வந்து விழுந்தது. நான் அடி தப்பி மாமாவின் காலை மிதித்துவிட்டேன். "உன் புருஷனோட ஆடி ஆடி உனக்கும் ஆட்டம் மறந்துபோச்சு" என்று மாமா திட்டினார்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, "சொல்லு லோரீன், எது?" என்றார். முதலாவதுதான் ஆஸ்டின் பெட்டி என்பது எனக்கு விரிப்புக்கு மேலேயே தெரிந்துவிட்டது, அதைத்தான் நான் சொல்ல வேண்டும் என்று அவர் முகமும் கெஞ்சியது. சொல்லியிருந்தால் அவருக்குச் சந்தோஷம், வாங்கிக் கொடுத்த உனக்கும் சந்தோஷம். பின்னால் ஆடுகிற யாருக்கும் கேட்காமல் கொஞ்ச காலம் வாசித்திருப்பார், எல்லாரும் அவரை மறந்திருப்பார்கள், பெரியப்பா ஹாலட்ஸ்வில் ஆளையே நிரந்தரமாக வைத்துக்கொண்டிருப்பார், என் புருஷன் கீழே இறங்கி வந்து என்னோடு ஆடியிருப்பார். முழங்கால் தாங்குகிற வரை எல்லா ஞாயிறும் எனக்குத்தான். யாரும் என்னைக் குறை சொல்லவும் முடியாது, அழகாகத்தானே இருந்தது. "மொதல்லது ரொம்ப அழகு" என்று வாயிலிருந்து வந்தும்விட்டது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இந்த மனுஷனுக்குக் கிட்டாரைத் தவிர வேறு என்ன இருக்கிறது, அதைப் போய் நானே வாயை மூடவைப்பதா என்று தோன்றிவிட்டது. "அழகுதான், ஆனா பாதி ஹாலுக்கு மேல நீங்க வாசிக்கறது எனக்குக் கேக்கல. ரெண்டாவதுல எல்லா இடத்துலயும் கேட்டுது" என்று சொல்லிவிட்டேன். விரிப்பை இழுத்தார். தகர டப்பா! ரேமண்ட் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா கோபத்தில் மறுபடியும் மாற்றி மாற்றி வாசித்து எங்களை இன்னும் எத்தனையோ சுற்று சுற்ற வைத்தார், எனக்குக் கால் வீங்கியதுதான் மிச்சம், என் பதில் மாறவில்லை. கடைசியில் பெரியப்பாவே அந்தத் தூண் பக்கம் போய் நின்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஆஸ்டின்காரர் வந்து தன் பெட்டியை எடுத்துப் போனார், வருத்தப்படவில்லை. சின்ன அறையிலும் ரிக்கார்டிங்கிலும் என் பெட்டிதான் ராஜா, அக்கார்டியனோடு மல்லுக்கட்ட அதைச் செய்யவில்லை என்று சிரித்தார், கொலாச்சி மட்டும் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பா பசை காய்ந்த பழைய ஸ்பீக்கரைத் தகர டப்பாவில் மாட்டினார், கீச்சு குறைந்து கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. கம்பியை இணைத்தீர்களா என்று ஆன் பண்ணுவதற்கு முன்னால் நான் இரண்டு தடவை கேட்டேன், அதற்கும் முறைத்தார்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மேடை ஏறினார். நான் நீல கவுனைப் போட்டுக்கொண்டு பழையபடி மாமாவோடு ஆடினேன், கண் மட்டும் மேடைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தூணுக்குப் பின்னால் போனால் போதும், போல்காவோ வால்ட்ஸோ எதுவானாலும், அந்தத் துள்ளல் சுரம் வருகிறது. தூணைத் தாண்டியதும் வருவதில்லை. வெயில் தாழ வீட்டுக்கு வரும்போது வண்டியில் கேட்டேன், அது என்ன அங்கே மட்டும் ஒன்று வாசிக்கிறீர்கள் என்று. அப்பா என்னை ஒரு மாதிரி திரும்பிப் பார்த்தார். "என்னது, அது இப்பத்தான் கேக்குதா உனக்கு? அந்தத் தூணுக்குப் பின்னால போனா நீ என் கண்ணுல படமாட்டே. கல்யாணமான வருஷத்துலேர்ந்து அங்க நீ போறப்பல்லாம் வாசிக்கறேன். அதக் கேட்டுட்டுத்தான் நீ சிரிச்சுக்கிட்டே வெளிய வர்றேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். பழைய ஆம்ப் அதை ஒரு நாளும் என்னிடம் கொண்டுவந்து சேர்க்கவில்லை, லெஸ்லி. நான் வீடு வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதனால் பணம் அனுப்பாதே. அதில் விமான டிக்கெட் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் திருவிழாவுக்கு வாருங்கள். அப்பாவிடம் போனில் புது ஆம்ப் எப்படி என்று மட்டும் கேள், மிச்சத்தை அவரே நிறுத்தாமல் பேசுவார், நான் ஆசைப்பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது. காதை மூடிக்கொண்டு வெளியே போ, கம்பளிச் சாக்ஸ் போடு. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க மாதா துணையிருப்பாள். ரேமண்ட் மாமாவிடம் சொல்லி வைத்துவிட்டேன், வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தத் தூணை மட்டும் மெதுவாகச் சுற்ற வேண்டும் என்று.

முத்தங்களுடன்,
உன் அம்மா
லோரீன்