தரையில் படாத பை

ஆடி 6, புதன். ஒடுகத்தூர்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் புழுக்கம். மஞ்சளில் நனைத்த பை கொடியில் இன்னும் காயவில்லை. விசிறி எடுத்து விசிறிப் பார்த்தேன். பைத்தியக்காரி.

நாளை விடியற்காலை புறப்பாடு. மலையேறி, ஜவ்வாது மலையைக் குறுக்கே கடந்து, படவேட்டம்மன் கோயில். நான்கு நாள் நடை. இருபத்திரண்டு பேர். இந்த வருடமும் முனுசாமி அண்ணன்தான் தலைவர். தன் ரைஸ்மில் ஆட்களை விரட்டுவதுபோல எங்களையும் விரட்டுவார். பெரிய மூட்டைகள் ஜீப்பில். ஆளுக்கொரு சின்னப் பை மட்டும் தோளில்.

பையில்: துண்டு 1. பொரி, வெல்லம். தண்ணீர் பாட்டில். இந்த நோட்டு, பென்சில். என் வீட்டுக்காரருடைய கண் சொட்டு மருந்து (ஒரே புட்டி; காலை, மதியம், மாலை). அடியில், அம்மனுக்குச் செலுத்த, மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளிக் கண்மலர், ஒரு ஜோடி.

கண்மலர் பற்றி அவரிடம் சொல்லவில்லை. என் கொலுசை அழித்துச் செய்தது. சொன்னால், "டாக்டர் சொன்னது புரியலையா உனக்கு?" என்பார். புரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம். போன பார்வை வராது. மருந்தை விடாமல் போட்டால் இருப்பது கொஞ்ச காலம் நிற்கும். ஓரங்கள் ஏற்கெனவே போய்விட்டன. நேரே இருப்பது மட்டும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தெரிகிறதாம். ஒரு வருடம் என்றார் டாக்டர், இரண்டு என்றார், அப்புறம் மேஜையைப் பார்த்தார்.

நேர்த்திப் பை கோயில் சேரும்வரை தரையில் படக்கூடாது. தோள், சுவரில் ஆணி, மரக்கிளை. வேறெங்கும் வைக்கக்கூடாது. எனக்கு இதில் பயம் அதிகம்.

இதை அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். முன்பெல்லாம் நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். என் பொடி எழுத்து இப்போது அவருக்குத் தெரிவதில்லை.

ஆடி 7, வியாழன். மலைமேல், பள்ளிக்கூடக் கட்டடம்

ஏற்றம் ஏழு மைல். முட்டி வீங்கிவிட்டது. மேலே நல்ல காற்று. சாமை விதைத்த சரிவுகள், பலா மரங்கள். (நான் பார்த்தது அவ்வளவுதான். பாதையையும் பையையும் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.)

அவரோ பத்தடிக்கு ஒரு தடவை நிற்கிறார். "இங்க வா, இத பாரு." பாறையில் தேனடை. "இத பாரு." கீழே ஒடுகத்தூர் ஏரி தட்டு மாதிரி. "இத பாரு." ஒரு ஓணான்! ஓணானைக் காட்ட மலையேற வேண்டுமா? பாரு பாரு என்று என்னை இழுப்பதும், நான் ம் ம் என்று நகர்வதும். கழுதையை ஓட்டிக்கொண்டு போவதுபோல இருந்தது எனக்கு.

முனுசாமி அண்ணன்: "யோவ், சாமிக்குப் போறியா, சினிமாக்குப் போறியா? உன்னால எல்லாரும் நிக்கறோம்."

இவர்: "நீங்க போங்கண்ணே. அவ அங்கயேதான் இருப்பா. நா பொறுமையா வர்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் பெரிய கண்ணாடி இருக்கிறதாம். நம் வழியில் இல்லையே என்று மாலை முழுக்க அதே வருத்தம். இருக்கிற கண்ணை மூடி ஓய்வு கொடுக்க வேண்டியவர்.

மருந்து: கா, ம, மா. மூன்றும் போட்டாயிற்று. பை ஆணியில்.

ஆடி 9, சனி. அருவிக்கரை, பிறகு ஜமுனாமரத்தூர்

நேற்று எழுதவில்லை. நோட்டும் பையோடு போயிற்று. இரண்டு நாளையும் சேர்த்து எழுதுகிறேன்.

வெள்ளி காலை. மழை விட்டு வெயில். வழியில் ஓர் அருவி. அண்ணன் அரை மணி நேரம் கொடுத்தார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறைமேல் ஏறினார். பக்கவாட்டில் பள்ளம், அது அவருக்குத் தெரியாது. அலறிக்கொண்டு ஓடினேன். ஓடுமுன் பையைக் கழற்றி, தரையில் படக்கூடாதே என்று, பக்கத்து நாவல் மரக்கிளையில் மாட்டினேன். அந்த அவசரத்திலும் அது மறக்கவில்லை. திரும்ப எடுக்கத்தான் மறந்தேன்.

அவர் கையைப் பிடித்து இறக்கி, திட்டிக்கொண்டே கூட்டி வந்தேன். ஐந்து மைல் திட்டினேன். மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மருந்து எடுக்கத் தோளைத் தொட்டால், பை இல்லை.

கிளையில் மாட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அண்ணன் முகம் சுளித்தார். "நடைக்கு வந்தவங்க பின்னால திரும்பக் கூடாதும்மா. போனது போவட்டும். மருந்து கீழ போளூர்ல கெடைக்கும்."

போளூர் இரண்டு நாள். ஆறு வேளை மருந்து. இவரும், "வுடு, ஒண்ணும் ஆவாது" என்றார். அவருக்குத் தெரியாதே பைக்குள் வேறென்ன இருக்கிறது என்று. திரும்பினால் நேர்த்தி கெடும். திரும்பாவிட்டால் நேர்த்தியே இல்லை, மருந்தும் இல்லை. அண்ணனை முதல் தடவையாக எதிர்த்துப் பேசினேன். அவர்கள் போனார்கள். நாங்கள் இருவரும் அங்கேயே ஒரு வீட்டில் தங்கிவிட்டு, இன்று விடிந்ததும் வந்த வழியே திரும்பி நடந்தோம்.

பை அங்கேயே தொங்கியது. ஓடிப்போய்க் கை நீட்டினேன்.

"ஏ அக்கா! தொடாதே!"

புல்லுக்கட்டோடு ஒரு மலைக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். பெயர் பொன்னி என்று பிறகு சொன்னாள்.

"இது என் பைம்மா. நேத்து மறந்துட்டேன்."

"மறந்தியா? கன்னிமாருக்குக் கட்டினதுனு நாங்க நெனச்சிட்டு இருக்கோம். கீழ பாரு."

பார்த்தேன். மரத்தடியில் ஏழு கல், வரிசையாக. மஞ்சள் பூசி, காய்ந்த பூ. கிளைகளில் பழைய மஞ்சள் துணிகள், நிறம் போனவை. நேற்று என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

"நேத்தே பாத்தேனே நா," என்றார் இவர். "ஏழு கல்லு. உங்கிட்ட சொன்னேன். நீ 'ம்'னு சொன்ன."

பொன்னி விட்டுக்கொடுக்கவில்லை. மஞ்சத் துணியை இந்த மரத்தில் மாட்டினால் அது கன்னிமாருடையது, மலையில் யாரும் தொட மாட்டார்கள். "ஆடு வாய வச்சிடப் போவுதுனு நேத்துலருந்து நாந்தான் காவலு."

நான் அழுதேன். வெட்கமில்லாமல். அவர் கண்ணுக்கு மருந்து அதில் இருக்கிறது என்றேன். அவள் புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு இவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சாமிக்குனு எதனா வச்சிருக்கியா உள்ள?"

தலையாட்டினேன்.

"அப்ப மனுசனுக்கு உள்ளத நீ எடுத்துக்கோ. அவங்களுக்கு உள்ளத வுட்டுடு. மருந்த வச்சிக்கினு அவங்க இன்னா செய்யப் போறாங்க?"

கும்பிட்டுவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். மருந்துப் புட்டி. முதல் வேலையாக இரண்டு கண்ணிலும் விட்டேன். மூன்று வேளை தவறிவிட்டது. துண்டு, பாட்டில், நோட்டு. பொரியை எறும்பு தின்றிருந்தது. அடியில் இருந்த முடிச்சை இவர் எடுத்தார்.

"இது இன்னாது?"

அவர் அவிழ்க்கவில்லை. துணியோடு சேர்த்துத் தடவினார். இருபத்தைந்து வருடம் அச்சகத்தில் ஈய எழுத்தைத் தடவித் தடவிக் கோத்த விரல்.

"கண்ணு," என்றார். அப்புறம், "எனக்கா?"

"ம்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. முடிச்சை அவரே பைக்குள் போட்டு, பையை அவரே கிளையில் இறுக்கிக் கட்டினார். பக்கத்துக் கிளையில் நெற்றி இடித்துக்கொண்டார், அது ஓரத்தில் இருந்ததால்.

பாறையில் உட்கார்ந்தோம். பொன்னி ஒரு பலாச் சுளையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நான்தான் ஆரம்பித்தேன். எல்லாம் உங்களால்தான், ஊர் சுற்றிப் பார்க்காமல் ஒழுங்காக நடந்திருந்தால்...

"நீ திரும்பிக்கோ," என்றார். "அருவிய பாக்காத. இப்ப சொல்லு. தண்ணி எத்தனையா பிரிஞ்சி வுழுது?"

தெரியவில்லை. நேற்று அரை மணி, இன்று அரை மணி. தெரியவில்லை.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் இப்படிக் குரல் உடைந்து கேட்டதில்லை. "நா எனக்குக் காட்டறதுக்கா உன்ன ஒவ்வொரு எடத்துலயும் நிறுத்தறேன்? நா பாத்தாச்சி. நீ பாக்கணும்டி. நாளைக்கு நா கேட்டா நீதான சொல்லணும்? நீ பையத்தான பாத்துக்கினு வர்ற."

நான் இவ்வளவு முட்டாள் என்று நானே நினைத்ததில்லை.

திரும்பிப் பார்த்தேன். மூன்றாகப் பிரிந்து விழுகிறது. இடது பக்கம் கனமாக. நடுவில் உள்ளது பாதி வழியில் ஒரு பாறையில் பட்டு விசிறி மாதிரி. வலது ஓரம் வெறும் நூல், காற்றடித்தால் காணாமல் போகிறது. பாறை கறுப்பு, நனைந்த இடம் மட்டும் பச்சை. இரண்டு தடவை உரக்கச் சொன்னேன். "அந்த நூலு எனக்குத் தெரியல," என்றார்.

ஆடி 10, ஞாயிறு. இறக்கம்

தோளில் பை இல்லை. சாமான் எல்லாம் துண்டில் கட்டி இடுப்பில். தோள் பழக்கத்தில் சாய்ந்தே இருக்கிறது.

பார்த்தவை: மரங்கொத்தி, தலை சிவப்பு. புளிய மரத்தில் ஊஞ்சல் கட்டி மூன்று பெண்கள். ஜீப்பின் மேல் ஒரு கட்டில், கட்டிலின் மேல் ஒரு கிழவர், ஆஸ்பத்திரிக்காம். ஓணான் 2. இரண்டாவதை நான்தான் முதலில் பார்த்தேன். "இத பாருங்க." அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மருந்து: கா, ம, மா.

ஆடி 11, திங்கள். படவேடு

மேகமூட்டம். கரும்புத் தோட்டம் வழியாகக் காலையில் வந்து சேர்ந்தோம். முனுசாமி அண்ணன் கூட்டம் நேற்றே தரிசனம் முடித்துவிட்டது. அண்ணன் மட்டும் எங்களுக்காகக் காத்திருந்தார். "வந்துட்டீங்களா" என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. காபி வாங்கிக் கொடுத்தார். மனிதர் கெட்டவரில்லை.

வரிசையில் எல்லார் கையிலும் ஏதோ ஒன்று. எனக்கு வெறுங்கை. கூச்சமாக இருந்தது, பிறகு இல்லை. சந்நிதியில் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். இன்று மூடவில்லை. எலுமிச்சை மாலை, ஒரு காய் பழுத்திருந்தது. விளக்கில் ஒரு திரி அணையப் போய் மறுபடி நிமிர்ந்தது. எதையும் வேண்டிக்கொள்ள நேரமில்லை, பார்ப்பதற்குள் தள்ளிவிட்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு வேப்ப மரத்தடியில். இவர் படுத்திருக்கிறார், மதிய மருந்து விட்டதால் கண் மூடியபடி.

"இன்னா எழுதற?"

"சும்மா."

"படி."

இந்த நோட்டை இதுவரை ஒருவருக்கும் படித்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து படித்தேன். பை காயாதது, டாக்டர் மேஜையைப் பார்த்தது, அரிசி டின். எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார். ஓணான் வந்தது. அடுத்த வரி கழுதை. அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன்.

"அங்க எதையோ முழுங்கிட்ட நீ."

"ஒண்ணுமில்லைங்க."

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நீ வுட்டுட்டா அப்புறம் எனக்கு எப்பிடித் தெரியும்?"

கழுதையிலிருந்து மறுபடி படித்தேன்.