மூன்று அறை, மூன்று பூட்டு

ஜூலை 4, திங்கள்

கச்சான் காற்று. உதடு வெடித்துவிட்டது. காலை முழுக்கப் பசளை ஸ்டோரைக் கழுவல். யூரியா நாற்றம், எலிப்புழுக்கை, உடைந்த தராசு.

எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கம்பியூட்டர் வரப்போகிறது. நெல் கொள்முதல், உறுப்பினர் கணக்கு எல்லாம் அதில் ஏறுமாம். மூன்று தரப்பார் தங்கள் புரோகிராமைக் கொண்டு வருகிறார்கள். ஓட்டிப் பார்த்து ஒன்றை எடுப்பது. இங்கே கம்பியூட்டர் கோர்ஸ் படித்தவள் நான் ஒருத்தி. ஆகவே ஏற்பாடு என் தலையில்.

கூட்ட அறை: கொழும்புக் கம்பனி.
நடு அறை: கம்பியூட்டர் படிப்பிக்கும் மட்டக்களப்பு மாஸ்டர்.
பசளை ஸ்டோர்: ரவீந்திரன், தமிழ் ஊரான ஆலையடிவேம்பு. சின்ன ஆள், மிஞ்சின அறை.

ஆளுக்கொரு மெஷின், தனிப் பூட்டு. எல்லாருக்கும் நான் கற்பனையாய் எழுதிய அதே விவசாயிகள், அதே நெல் மூட்டைகள். ஒருவர் வேலையை மற்றவர் பார்க்கக் கூடாது. மனேஜர் எல்லார் முன்னாலும், "ஒத்தர்ர அறைக்குள்ள மத்தவர் கால் வெக்கப் படாது. சாவி இந்தப் புள்ளட கையிலதான்" என்றார். பெருமையாக இருந்தது எனக்கு. மடச்சி.

ஜூலை 5, செவ்வாய்

வந்தார்கள். கொழும்பார் இருவர், டை கட்டி. சிகரெட்டைச் சுவரில் அணைக்கிறார்கள். நேற்று வெள்ளையடித்த சுவர்.

ரவீந்திரன் பஸ்ஸில். மெஷினைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்து. வழியில் ஆமிச் சென்ரியில் அவிழ்த்துக் காட்டச் சொன்னார்களாம். "குண்டு எண்டு நெனச்சிட்டாங்க மிஸ்." சிரிக்கிறார்.

அவருடைய திரையில் தமிழ்! மற்ற இரண்டிலும் இங்கிலீஷ் மட்டும். ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாய்த் தானே வரைந்தாராம். ழ மட்டும் வால் கோணல். வாப்பாவின் பெயரைச் சொல்லி அடிக்கச் சொன்னேன். அடித்தார். இங்கிலீஷ் ஓரெழுத்தும் தெரியாத வாப்பா இதை வாசிப்பார்.

உம்மாவுக்கு இருமல் மருந்து. மறக்கக் கூடாது.

ஜூலை 7, வியாழன்

எழுதக் கை கூசுகிறது.

ளுஹர் தொழுகைக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பினால் ஸ்டோர் பூட்டு திறந்து கிடக்கிறது. உள்ளேயிருந்து கொழும்பாரில் இளையவன் வருகிறான். சட்டைப்பையில் டிஸ்க். என்னைக் கண்டு சிரிப்பு வேறு. ரவீந்திரன்? மனேஜரின் அறையில். பிளேன்டி, பிஸ்கட், குடும்பத்தார் சுகம் விசாரிப்பு. ஆளை வெளியே வரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார்.

மனேஜரைக் கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்னட்டயும் ஒரு சாவி இரிக்கி புள்ள. நான்தான் பாக்கச் சொன்ன. பெரிய கம்பனி, மறுகா நமக்கு உதவும்." கடைவாயில் சிவப்பாய் வழிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கேட்டது: "என்ட ஒண்டையும் எடுக்கல்லையா?" இல்லை என்றதும், தன்னுடையது களவெடுக்கவும் உதவாததா என்று முகம் சுருங்கிவிட்டது. த்தூ.

ரவீந்திரனிடம் சொன்னேன். முகத்தில் உயிர் இல்லை. மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தம் போடாதீங்க மிஸ். ரெண்டு பக்கமும் இப்ப சரியில்ல. நான் வாய் தொறந்தா அது தமிழ், முஸ்லிம் சண்டையாப் போயிரும். எனக்கு பஸ் ஏறி வீட்ட போகோணும்."

ஜூலை 8, வெள்ளி

அரை நாள். ஜும்ஆத் தொழுகையில் மனேஜர் முதல் ஸஃப் வரிசையில் நின்றார் என்று வாப்பா வந்து மெச்சினார். சோறு இறங்கவில்லை. "மீன் சரியில்லயா?" உம்மா. மீன் நல்ல மீன்தான்.

ஜூலை 11, திங்கள்

நிர்வாகசபை முன்னால் மூவரும் காட்டும் நாள். கொழும்பார் மெஷினைத் தட்ட, திரையில் தமிழ். அதே கோணல் வால் ழ. கைதட்டல். ரவீந்திரன் கதவோரம், தரையைப் பார்த்தபடி.

அவர் பேசினால் சண்டை. நான் பேசினால், எங்கள் ஆளைப் பற்றி எங்கள் ஆள் சொல்வது. எழும்பினேன்.

"சேர், இது ஸ்டோர் அறையில இரிந்து களவெடுத்தது. எடுத்தவர என்ட கண்ணால கண்ட நான்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மகள், ஆர் செஞ்சா என்ன? தமிழ் வருதுதானே."

யாரோ சிரித்தார்கள். கொழும்புக் கம்பனிக்கே கொடுத்தாயிற்று.

பின்னேரம் மனேஜர் ஒரு தாளை நீட்டினார். மூன்றும் தனித்தனியே, ஒழுங்காகப் பரீட்சிக்கப்பட்டனவாம்.

"ஒப்பம் வைங்க."

"வெக்க மாட்டன் சேர்."

"வேல வேணாமா?"

பேனையைத் தொடவில்லை. எனக்குப் பதில் ஸ்டோர் கீப்பர் வைத்தார். வாசிக்காமலே.

ஜூலை 13, புதன்

எனக்குச் சாகாமம் நெல் கொள்முதல் நிலையத்துக்கு மாற்றம். உடனடியாக.

ரவீந்திரன் மெஷினை எடுக்க வந்தார். பெட்ஷீட்டின் ஒரு முனையை நான் பிடித்தேன்.

"என்னால உங்களுக்கும்..."

"உங்களால இல்ல."

"சாகாமத்தில அந்த ஸ்டோருக்கு கரண்டும் இல்லையே மிஸ்."

"நல்லம். களவெடுக்க கம்பியூட்டரும் இல்ல."

சிரித்தோம். இனி வேறிடத்தில் காட்டுவீர்களா என்று கேட்டேன். "காட்டுவன். ஆனா ஆர் கூப்பிட்டாலும் தேத்தண்ணி குடிக்கப் போக மாட்டன்."

பஸ் வரைக்கும் ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்தேன். கடைக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

திரும்பினால் வாசலில் மனேஜர். ஒன்றுமே நடக்காதது போல், "அஸ்ஸலாமு அலைக்கும் புள்ள."

ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. அவருக்குக் கேட்காத அளவில் சொல்லிவிட்டு நடந்தேன்.