இரண்டு மெசின், ஒரு மின்வெட்டு

9.2.82 செவ்வாய்

காலையில் நல்ல பனி. சைக்கிள் சீற் ஈரம்.

கம்பஸ் படிப்பை விட்டபிறகு மூன்றாவது வேலை இது. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், ஊர்ச் சங்கங்களின் பதிவுகளை வைத்திருக்கிற, இரண்டு கொம்பியூட்டர் உள்ள கந்தோர். மெசின் எது செய்தாலும் அதோடு இருக்கிற டைப்ரைட்டர் நேரம் போட்டு ஒரு வரி அடிக்கும். இரண்டு மெசினின் வரிகளையும் வெட்டி, நேர ஒழுங்கில் ஒட்டிப் பார்க்கவேண்டும். விசர் வேலை.

நேற்று நீர்வேலிச் சங்கத்தின் உறுப்பினர் பதிவு முழுக்க அழிந்துபோனது. முதலாம் மெசினில், 10.50க்கு. அது சிவம் அண்ணையின் மெசின். ஆனால் பத்தரைக்கு அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். இரண்டாம் மெசினில் இருக்கிற பவானி அக்காதான் பதினொன்று வரை இரண்டையும் பார்த்தவ.

மனேச்சர் ஐயா நான் ஒட்டியதைப் பார்த்தார். “நேரம் அடிச்சுக் கிடக்கு. பிறகென்ன கதை?”

அக்காவைக் கூப்பிடக்கூட இல்லை. வெள்ளியோடு வேலையிலிருந்து நிற்பாட்டுவாராம்.

பசை முடியுது. வாங்க வேணும்.

10.2.82 புதன்

ஓர் இடம் இடிக்கிறது. திங்கள் கரண்ட் போனது ஒரே ஒரு தடவை. இரண்டாம் மெசினின் வரி 11.20க்கு நிற்கிறது. கரண்ட் போனபோது சுவர் மணிக்கூட்டிலும் அதே நேரம்தான். முதலாவது மட்டும் 12.20க்கு.

அப்போ முதலாவது ஒரு மணித்தியாலம் முந்தி. பதிவு அழிந்தது 9.50. அந்நேரம் அதில் இருந்தது சிவம் அண்ணை.

சைக்கிள் கொட்டிலில் பிடித்தேன்.

“அண்ணை, திங்கள் மெசினுக்கு என்ன நேரம் குடுத்தனீங்கள்?”

“ஒன்பது அஞ்சு.”

“தொடக்கினது எட்டு அஞ்சுக்கெல்லோ?”

“எட்டு மணி ராகுகாலமடா! ஐயா எட்டுக்கே தொடக்கச் சொல்லுறார். நாங்கள் அடிக்கிறதுதானே மெசினுக்கு நேரம். ராகுகாலம் முடிஞ்சமாதிரி அடிச்சுவிட்டன்.”

“அப்ப அழிச்சது நீங்கள்.”

விரல்மடித்துப் பார்த்தார். “ஐயோ, பழைய பதிவெண்டெல்லோ ஒண்டை அழிச்சனான்...” நடிப்பில்லை.

“ஐயாட்டை நீ சொல்லு தம்பி.”

“போங்கோ அண்ணை. நீங்களே சொல்லுங்கோ.”

12.2.82 வெள்ளி

அக்கா வரவில்லை. சிவம் அண்ணை ஐயாவிடம் ஒருமாதிரிச் சொல்லிவிட்டார். ஐயா பெரிய சத்தம் போடுவார் என்று பார்த்தேன்.

“ராகுகாலமெண்டு எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே ஐசே!”

அவ்வளவுதான். இனித் திங்களில் ஒன்பதுக்குப் பிறகுதான் மெசின் தொடக்கம்.

என்னைப் பார்த்து: “அந்தப் பிள்ளையைத் திங்கள் வரச் சொல்லும். பதிவெல்லாம் திருப்பி அடிக்க ஆள் வேணும்.”

13.2.82 சனி

சைக்கிளில் அரியாலைக்கு, அக்கா வீட்டுக்கு. எதிர்க்காற்று. அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நடந்ததைச் சொன்னேன். கை நிற்கவில்லை.

“பேப்பரைப் பாத்தியள், மணிக்கூட்டைப் பாத்தியள். ‘பவானி, நீ அழிச்சனியோ’ எண்டு ஒருத்தரெண்டாலும் கேட்டனீங்களோ?”

நானும் கேட்கவில்லை.

“திங்கள் வருவியளோ அக்கா?”

“அதை உன்ரை மனேச்சர் ஐயா வந்து கேக்கட்டும்.”

நேரே ஐயா வீட்டுக்குப் போனேன். அப்படியே சொன்னேன். எழும்பிக் கார்ச் சாவியைத் தேடினார்.