கரும்புத் தீவிலை பாடின தேவாரம்

ஸ்டோவ்னர், ஒஸ்லோ
மாசி 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கடை முழங்கால் நோ இப்ப எப்பிடி? நான் நல்ல சுகம். இஞ்சை பனி இன்னும் விடேல்லை.

பேக்கரி முதலாளி தன்ரை அறுபதாவது பிறந்தநாளுக்கு, வேலை செய்யிற எங்கள் எல்லாரையும் கரீபியன் கடலிலை இருக்கிற குவாதலூப் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். ஒருநாள் எங்களுக்கெண்டே தனிப் படகு பிடிச்சுச் சுத்தினனாங்கள். பயப்பிடாதேங்கோ, மிதக்கிற சட்டை போட்டுக்கொண்டுதான் இருந்தனான். பின்னேரம் படகோட்டியே தன்ரை வான் வண்டியிலை ஏத்திக்கொண்டு போய் ஊரையும் காட்டினார்.

அவரின்ரை பேர் மிஷேல் வீராசாமி. முந்தி கரும்பு வெட்ட இந்தியாவிலையிருந்து கப்பலிலை போன எங்கடை ஆக்களின்ரை வழியாம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கரும்புத் தோட்டத்துக்குள்ளை மாரியம்மன் கோயில் வைச்சிருக்கினம். நான் தமிழன் எண்டு அறிஞ்சதும் கையைப் பிடிச்சு அங்கை கூட்டிக்கொண்டு போய், ஒரு பாட்டுச் சொல்லித்தரச் சொன்னார்.

நீங்கள் விடிய விளக்கேத்திப் பாடுற தேவாரத்தை வரிவரியாப் பாடினன். அவரின்ரை குடும்பம் முழுக்கத் திருப்பிச் சொல்லிச்சுது. நெல்லுக் கொத்த வாற கோழியை நீங்கள் பாட்டுக்கு நடுவிலை கலைக்கிறனீங்கள் எல்லே? அந்த இடம் வந்ததும் என்ரை வாய் தன்ரைபாட்டிலை "சூ" எண்டிட்டுது. அவையும் கண்ணை மூடி, கைகூப்பிக்கொண்டு "சூ" எண்டு சொல்லிச்சினம். எனக்குத் திருத்த மனம் வரேல்லை. இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாடுவினமாம்.

அம்மா, அந்தத் தேவாரத்தை உங்கடை குரலிலை ரெண்டு கசெற்றிலை பதிஞ்சு, இஞ்சை வாற ஆரிட்டையாவது குடுத்துவிடுங்கோ. ஒண்டு அவைக்கு. மற்றது எனக்கு.

ரெயினுக்கு நேரமாச்சு. பதியேக்கை கோழியளை அடைச்சுப்போடாதேங்கோ.

மகன்
நகுலன்