பைக்கு வெளியே ஒளிர்ந்த தண்ணீர்

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

நலம் விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டாளா? உன் வீட்டுக்காரருக்கு முதுகுவலி தேவலையா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கட்டுரையில் உள்ள கார்பன் குவாண்டம் புள்ளிகளை, அந்த ஒளிரும் நுண்துகள்களைத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன். பதினொரு தடவை ஆயிற்று. எல்லாம் நீ எழுதிவைத்தபடிதான். சிட்ரிக் அமிலம், எத்திலீன் டையமின், தண்ணீர், மூடிய எஃகுக் கலம், இருநூறு டிகிரி, ஐந்து மணி நேரம். பழுப்புத் திரவம் அழகாக வருகிறது. அதை டயாலிசிஸ் பையில் கட்டித் தண்ணீரில் போடுகிறேன். சின்ன மூலக்கூறுகள் வெளியே போய்விடும், புள்ளிகள் பைக்குள் தங்கும். நாற்பத்தெட்டு மணி நேரம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறேன். கடைசியில் புற ஊதா விளக்கைப் பிடித்தால் பைக்குள் இருப்பது அழுது வடிகிறது. முதல் நாள் மாற்றிய தண்ணீர் நீலமாக ஜொலிக்கிறது!

ஒளிர்வு நூற்றுக்கு எண்பது என்று அச்சில் போட்டிருக்கிறோம். எனக்கு மூன்று வருகிறது. "எண்பது எங்கம்மா போச்சு?" என்று சார் தினமும் என் மேசைக்கு வந்து கேட்கிறார். ஆய்வக மின்னஞ்சலை ஊரே திறந்து படிக்கும். போனில் பேசினால் நான் கத்துவேன். அதனால்தான் காகிதம். நீ என்ன செய்தாய் என்று எழுது.

பொறுமை தீர்ந்துகொண்டிருக்கும்,
நெட்டை

மார்ச் 13

என் அருமை நெட்டைக்கு,

கட்டுரை வந்து இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் போடுகிறாய், அதிலும் சண்டை. அவள் தவழ்ந்து, எழுந்து, என் கண்ணாடியையும் உடைத்தாகிவிட்டது. முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது.

மலிவான பை வாங்கியிருப்பாய். இல்லாவிட்டால் கலத்தின் மூடியைச் சரியாக முறுக்கியிருக்க மாட்டாய். உனக்கு எதற்கும் அவசரம். என் கம்பெனியில் அதே புள்ளிகள்தான் காகிதப் பட்டையில் ஏறிக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கின்றன. தண்ணீரில் இரும்பு இருந்தால் ஒளிர்வு அணைந்துவிடும். அடுத்த மாதம் கடைக்குப் போகிறது. பத்துப் பட்டை அனுப்பியிருக்கிறேன், பார்த்துப் பொறாமைப்படு. இரண்டு நொடி நனைத்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

உன் அம்மாவின் ரத்த அழுத்தம் பற்றி ஒரு வரி எழுதக்கூடாதா?

உன் வாலு

மார்ச் 22

வாலு,

அம்மா நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் அழுத்தம் ஏறிக்கிடக்கிறது.

உன் பட்டையை ஒரு நிமிஷம் நனைத்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரில், ஒரு பொட்டு இரும்பு இல்லாத தண்ணீரில். ஒளிர்வு முழுக்கக் கரைந்து தண்ணீருக்குள் போய்விட்டது. காகிதத்தில் ஒட்டிய புள்ளி இப்படிக் கரைந்து ஓடாது. பட்டையில் இருப்பது புள்ளியோடு கூடவே உண்டாகி ஒளிரும் சின்ன மூலக்கூறு. நல்ல கிணற்றைக்கூடக் கெட்டது என்று சொல்லப்போகிற பட்டை அது.

அப்புறம் உன் பழைய நோட்டை எடுத்தேன். பீரோவில், கையுறைப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. பையைத் தண்ணீரில் போட்டது காலை பத்து. எடுத்தது மாலை நான்கு. ஆறு மணி நேரம்டி! தண்ணீர் ஒரு தடவைகூட மாற்றவில்லை. அந்த எண்பது, வெளியே போகாமல் பைக்குள் தங்கிய சின்ன மூலக்கூறுடையது. கட்டுரையில் நாற்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறாய். அதன் கீழே என் பெயரும் இருக்கிறது.

கட்டுரையைத் திரும்பப் பெறப்போகிறேன். படிவம் உள்ளே இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

நெட்டை

ஏப்ரல் 3

நெட்டைக்கு,

அன்று ஐந்து மணிக்கு ஒளிர்வுமானியில் நம் முறை. அதை விட்டால் அடுத்த முறை மூன்று வாரம் கழித்து. சார் ஒரு பக்கம், கட்டுரைக்குக் கடைசி நாள் ஒரு பக்கம். நீ ஊரில் இல்லை. நான்கு மணிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். எண்பது வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எப்போதும் நாற்பத்தெட்டு மணி நேரம்தானே வைப்போம், அதையே எழுதினேன். பிறகு ஒழுங்காகச் செய்து எண்ணை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒழுங்காகச் செய்தேன். எனக்கும் மூன்றுதான் வந்தது. தொட்டியில் கொட்டிவிட்டு, அந்த வாரமே வேறு வேலை தேடினேன். வீட்டுக்குப் பக்கத்தில் வேலை வேண்டும் என்று உங்களிடம் சொன்னதெல்லாம் பொய். "இரண்டு நொடி மட்டும் நனைக்கவும்" என்று பட்டைப் பெட்டியில் அச்சிட வைத்தவளும் நான்தான்.

இப்போது திருப்திதானே? என் வேலை போகும். என் பெயர் போகும். உனக்கு ஒரு மாதம் தலைகுனிவு, அவ்வளவுதான். என்னிடம் கையெழுத்துக் கேட்காதே. கடிதமும் போடாதே.

ஏப்ரல் 29

அன்புள்ள வாலுக்கு,

போடாதே என்றாய், போடுகிறேன்.

உறை வந்தது. உள்ளே படிவம், அதில் உன் கையெழுத்து. ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கும் என்று உறையைக் கிழித்துத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். பட்டை கடைக்குப் போவது நின்றுவிட்டதாம், நீயே மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி வேலையையும் விட்டாயாம். உன் வீட்டுக்காரர் போனில் சொன்னார். உன்னைக் கூப்பிடச் சொன்னேன். "தூங்குறாங்க" என்றார். பின்னால் நீ குழந்தையை அதட்டுவது எனக்குக் கேட்டது.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த நோட்டைத் திறந்து பார்க்காமலே கட்டுரைக்குக் கீழே என் பெயரை எழுதவிட்டேன். ஊரிலிருந்து திரும்பியதும் எண்பதுக்குக் கை தட்டியவள் நானும்தான். சார் "யார் தப்பு?" என்று கேட்டபோது "ரெண்டு பேர் தப்பு" என்றேன். உனக்காகச் சொன்ன பொய் இல்லை அது.

இப்போது அந்த மூன்றை வைத்துப் புதுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒழுங்காகக் கழுவினால் எவ்வளவு மிஞ்சுகிறது, கழுவாவிட்டால் எப்படி ஏமாறுகிறோம் என்று. உன் நோட்டின் அந்தப் பக்கத்தையும் சேர்க்க வேண்டும், ஆறு மணி நேரக் கணக்கு அதில் மட்டும்தான் இருக்கிறது. முதல் பெயராக உன்னுடையதைப் போட்டிருக்கிறேன். நீ சரி என்று சொல்லாமல் அனுப்ப மாட்டேன். அனுப்ப மே பதினைந்தாம் தேதி கடைசி நாள்.

வேண்டாம் என்றாலும் எழுது. திட்டியாவது எழுதுடி.

நெட்டை