முளைக்காவிட்டால் என் கை

ஆவணி 20, சனி

மேகம் மட்டும். மழை இல்லை. மாடு சரியாகத் தின்னவில்லை.

மேலத்தெரு தணிகாசலம் வந்தார். நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார், கரும்பு போடவாம். "ஒண்டியா இன்னாமா பண்ணப் போற? அவன் இருந்தா வேற." வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். மனசுக்குள் கொடுத்தாயிற்று. மாசியில் வீட்டுக்காரர் தவறியதிலிருந்து நான் தொட்டது எது விளங்கியது?

கலாவிடம் சொன்னேன். அவர் தங்கை, பக்கத்து வூடு. "குடுக்கறதுன்னா குடு அண்ணி. ஒரு வாட்டி நாத்து வுட்டுப் பாத்துட்டுக் குடு."

21, ஞாயிறு

சாயங்காலம் விதை நெல் ஊறப்போட்டோம். எப்போதும் அவர் செய்கிற வேலை. எனக்கு முறையே தெரியாது. முளைக்காது.

வாங்க: உப்பு, வேப்பம் புண்ணாக்கு. மாத்திரை தீர்ந்தது.

22, திங்கள்

ஆஸ்பத்திரி. கலாவும் வந்தாள். தூக்கம் வருதா என்று டாக்டரம்மா கேட்டார். வருது, மாத்திரை வேகத்தில் என்றேன். போன வாரம் கோயிலுக்குப் போனீங்களாமே? இவள் இழுத்துக்கொண்டு போனாள் என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நல்லது நடந்தா அது கணக்குல சேராது, கெட்டது மட்டும் சேரும். உங்க குணம் இல்லம்மா இது, மனச்சோர்வுங்கற சீக்கு பண்ற வேலை" என்றார்.

பஸ்ஸில் கலா: "அந்தச் சீக்க ஒரு நாள் நேர்ல பாக்கணும். நாக்கப் புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்." முன் சீட்டுக் கிழவி திரும்பிப் பார்த்தாள். எனக்கே சிரிப்பு வந்தது.

விதையை வடித்துச் சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி, கல் வைத்தோம்.

23, செவ்வாய்

சாக்கைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். கலா கையும் களவுமாகப் பிடித்தாள்.

"சூடு போனா எப்படி மொளைக்கும்? மொளைக்காதுன்னு நெனச்சி நீயே கெடுத்துடுவ போல."

முளைக்காதுடி என்றேன்.

"மொளைக்கலன்னா யாரால?"

"என் கை."

"மொளைச்சா?"

"நல்ல விதை."

"மொளைக்கலன்னா உன் கை, மொளைச்சா வெதையா? இன்னா கணக்கு அண்ணி இது? அந்த வெதையக் காய வெச்சது யாரு, தூத்தினது யாரு?"

நான்தான். தையில் அறுத்தது. அவர் அறுத்த கடைசி நெல்.

பேசிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள். எனக்கு முன்னாலேயே அவரைத் தெரிந்தவள் இவள். அவளுக்கும்தானே அண்ணன் போனது. இருந்தும் காலையில் எழுந்து, இட்லி ஊற்றி, எனக்கும் எடுத்துவந்து, திட்டவும் திட்டுகிறாள். எங்கிருந்து வருகிறது இவ்வளவு தெம்பு?

24, புதன்

பிரித்தோம். ஓரத்தில் முளைக்காத நெல். பார்த்தியா என்றேன்.

"ஓரத்துல நாலு. நடுவுல கைய வுடு."

விட்டேன். வெதவெதவென்று சூடு. எல்லாம் வெள்ளை மூக்காய் முளை விட்டிருக்கிறது. நல்ல வெயில் அடித்ததால்தான் என்று வாய் வரை வந்தது. கலா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

25, வியாழன்

நாற்றங்காலில் நானே விதைத்தேன். ஒரு இடம் திட்டாக, ஒரு இடம் சொட்டை. கலா வரப்பில் நின்று, "எங்கண்ணனும் மொத வருசம் இப்படித்தான். அப்பா கிட்ட ஒத வாங்குச்சி."

இருட்டிக்கொண்டு வந்தது. மண்வெட்டி எடுத்து வடிகால் வெட்டினேன். வீடு வருவதற்குள் பேய் மழை. விதையெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும். சாப்பிடவில்லை.

26, வெள்ளி

விடிந்ததும் போனேன். மூலையில் கொஞ்சம் ஒதுங்கியிருக்கிறது. மற்றதெல்லாம் போட்ட இடத்தில்.

தணிகாசலம் வந்தார். "பரவால்லயே, தப்பிச்சிடுச்சே. உன் அதிர்ஷ்டம்மா."

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பின்னால் கலா.

"வடிகால் நான் வெட்டினது" என்றேன்.

குத்தகைக்கு இல்லை என்றும் சொல்லிவிட்டேன்.

நடவுக்கு ஆள் வராது என்று இப்போதே தோன்றுகிறது. கலாவிடம் சொல்லவில்லை. நாற்றங்காலில் புறா இறங்குகிறது. ஓட்டணும்.